பின் நிலமும் பன்னிரண்டு அடிப் பாதையும்

கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் தெற்கே போனால் பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு, குடிகாடு, காரைக்காடு, செம்மங்குப்பம் என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் சிப்காட் தொழிற்பேட்டை. 1980-களில் அரசு இங்கே நிலம் எடுத்துத் தொழிற்சாலைகளைக் கொண்டுவந்தபோது, என் அப்பாவின் வயதுக்காரர்கள் பலர் நெல்லையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையையும் விட்டுவிட்டு கேட் வாசலில் வேலை கேட்டு நின்றார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்து ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். ஷிப்டுக்குச் சைக்கிளில் போய் வரும் தூரத்தில் வாடகை வீடு. கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் அந்த வீட்டில்தான்.

அந்தச் சாலையோர ஊர்களில் இருப்பவர்களுக்கு நேரத்தைச் சொல்ல மூக்கே போதும். பின்னிரவில் அழுகிய முட்டை வாடை, விடியலில் நகப்பூச்சு வாடை என்று சொல்லிவிடுவார்கள். இது வெறும் புலம்பலாக நின்றுவிடவில்லை. 2003-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ் இந்த ஊர்களில் விசாரித்து மக்கள் தீர்ப்பாயத்தின் அறிக்கையைக் கொடுத்தார். 2004-ல் ஊர்க்காரர்களே எளிய வாளிக் கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் தொழிற்பகுதிகளை அளந்தபோது கடலூருக்குக் கிடைத்த மதிப்பெண் 77.45. எழுபதைத் தாண்டினால் மிக மோசமாக மாசடைந்த பகுதி என்று கணக்கு. சோறு போட்ட இடம் அது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அங்கேயே வயதாகி அங்கேயே சாக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் அடித்தது. வாடகை வீட்டின் ஓடெல்லாம் பறந்துவிட்டது. அந்த வாரத்தில்தான் என் மனைவி பேச்சை எடுத்தாள். மகளுக்கு இரைப்பு இருந்தது. "இன்னொரு வாடகை வீடு பார்க்க வேணாம். நமக்குன்னு ஒரு இடம் பாருங்க. வாசல்ல உட்கார்ந்தா ரோட்டுல போறவங்க கண்ணு படக் கூடாது. ஆனா ராத்திரி ஒரு அவசரம்னா வண்டி வாசல் வரைக்கும் வரணும்" என்றாள்.

எங்களுக்கு ஒரு காணி போதும். எங்கள் பக்கம் காணி என்றால் நாலு மா, 132 சென்ட். பி.எஃப். பணத்தில் கொஞ்சம், அவள் நகையில் கொஞ்சம், சீட்டுப் பணம் கொஞ்சம். சிப்காட்டுக்கு பைக்கில் அரை மணி நேரத்தில் போய்விட வேண்டும். கடலூர் பெரியாஸ்பத்திரிக்கோ சிதம்பரம் ராஜா முத்தையா ஆஸ்பத்திரிக்கோ ஆம்புலன்ஸ் தடையில்லாமல் போக வேண்டும். தேடத் தொடங்கிய உடனே முடிச்சு எங்கே என்று தெரிந்துவிட்டது. சாலையை ஒட்டிய நிலத்துக்கு வழி உண்டு, ஒதுக்கம் கிடையாது, விலையும் எட்டாது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை நான்குவழிச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் அந்த விலை இன்னும் ஏறியது. உள்ளே தள்ளிப் போனால் ஒதுக்கம் உண்டு, விலையும் குறைவு, ஆனால் வழி இல்லை.

அப்பா அப்போது உயிரோடு இருந்தார். "விலை குறையுதுன்னா அந்த நிலம் என்னமோ சொல்லுதுன்னு அர்த்தம். அது என்னன்னு கேட்டுக்க. அப்புறம் காசை எடு" என்றார். நிலம் தேடிய வருடங்கள் முழுக்க நான் செய்தது அந்த ஒரு வேலையைத்தான். குறைந்த விலை சொல்லும் ஒவ்வொரு நிலத்திலும் நின்று, ஏன் குறைவு என்று கேட்டேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே உள்ள நாட்டை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தக் கேள்வி.

முதலில் தொழிற்பேட்டையை ஒட்டியே சில நிலங்களைப் புரோக்கர் காட்டினார். விலை நம்பமுடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. தார் ரோடு வாசலில், மின்கம்பம் பக்கத்தில். "கம்பெனி விரிவாக்கம் வந்தா இதே இடம் பத்து மடங்கு போகும் அண்ணே" என்றார். கிணற்றில் வாளியை விட்டு இழுத்தேன். தண்ணீரில் நிறம் இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, குடிக்கவும் சமைக்கவும் லாரித் தண்ணிதான் என்றார். விலை குறைந்ததற்குக் காரணம் அந்த நிலத்தின் அடியில் இருந்தது. அங்கே குடியிருப்பவர்கள் விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் அந்த விலைக்கு வேறெங்கும் அரைக் காணி வாங்க முடியாது. காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிய மக்கள் ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்து வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

பிறகு கடல் பக்கம் போனோம். ஆலப்பாக்கத்துக்குக் கிழக்கே ரயில்வே கேட்டைத் தாண்டி, உப்பனாற்றையும் தாண்டினால் மணல்மேடு, சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை. ஒதுக்கத்துக்குக் குறைவே இல்லை. மணலில் கைக்கெட்டும் ஆழத்தில் ஊறும் தண்ணீர் இளநீர்போல இருந்தது. ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்த நல்ல தண்ணீர் மேலே மிதக்கும் மெல்லிய ஏடு. மோட்டார் போட்டு ஆழத்தில் இழுத்தால் உப்பு ஏறிவிடும். பக்கத்தில் இறால் பண்ணை வந்தால் மேல் தண்ணீரும் கெடும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எந்தப் பனைமரம் வரை வந்தது என்று அங்கிருந்த பெரியவர் கைநீட்டிக் காட்டினார். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்படி கரையிலிருந்து 500 மீட்டருக்குள் வீடு கட்டுவதற்கு எத்தனையோ நிபந்தனைகள். என் மனைவி கடலைப் பார்த்தபடியே, "இங்க நாலு நாள் இருக்கலாம். வாழ்க்கை பூரா முடியாது" என்றாள்.

மேற்கே குறிஞ்சிப்பாடிப் பக்கம் பெருமாள் ஏரியைச் சுற்றி வண்டல் நிலம். மண்ணைக் கையில் எடுத்தால் விட மனம் வராது. விலை மட்டும் கீழே இருந்தது. 2015 நவம்பரில் பெய்த மழை காரணத்தைச் சொல்லிவிட்டது. பண்ருட்டி பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை உடைத்துக்கொண்டு வந்து உயிர்களைக் கொண்டுபோனது. பரவனாறு கரை தாண்டி வயல்களில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் நாங்கள் பார்த்துவைத்திருந்த நிலத்துக்குத் திரும்பப் போனேன். அந்தத் தெருவில் ஒரு கிழவி தன் வீட்டுச் சுவரில் என் இடுப்புக்கு மேலே படிந்திருந்த சேற்றுக்கோட்டைக் காட்டி, "இது இந்த வருசத்துது. அதுக்கு மேல மங்கலா தெரியுது பாரு, அது பழசு" என்றார். நிலம் வாங்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் வெள்ளம் வருமா என்று கேட்கக் கூடாது. அந்த ஊரில் வயதான பெண்களிடம் கேட்க வேண்டும். வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அடுப்பையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்தான்.

இன்னும் மேற்கே நெய்வேலியை நோக்கிப் போனால் மேட்டு நிலம். வெள்ளப் பயம் இல்லை. பட்டா சுத்தமாக இருக்கும். விலையும் கட்டுப்படியாகும். அங்கே காரணம் வேறு. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கம் விரிந்துகொண்டே வருகிறது. எந்த ஊருக்கு எப்போது நோட்டீஸ் வரும் என்ற கவலையில் ஊர்ஊராக மனிதர்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் இருந்தார்கள். அந்தக் கவலை எவ்வளவு நியாயமானது என்பதை 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில் எல்லாரும் பார்த்தோம். நெல் பச்சையாக நின்ற வயலில் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கிக் கால்வாய் தோண்டின. நிலம் பல வருடம் முன்பே எடுக்கப்பட்டதாக நிறுவனம் சொன்னது. பயிரிட்டவன் கண்முன்னால் பயிர் போனது. எழுத்தில் யாருடையதோ, உழைப்பில் யாருடையதோ என்று நிற்கும் நிலத்தில் வீடு கட்டிப் பிள்ளையைத் தூங்கவைக்க முடியாது.

சில நிலங்களில் மண்ணும் தண்ணீரும் வழியும் எல்லாம் சரியாக இருந்தன. காரணம் காகிதத்தில் இருந்தது. ஒருமுறை சாலைக்கு அருகிலேயே அருமையான நிலம் பாதி விலைக்கு வந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்க்கச் சொன்னேன். நிபந்தனைக்குட்பட்ட ஒப்படை என்று இருந்தது. 1892-ல் வெள்ளைக்கார அரசு பட்டியல் சாதி மக்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நில வகை. அதை அந்த மக்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்க முடியாது. "எழுபது வருசமா கை மாறிட்டுதான் இருக்கு, யாரும் கேட்கல" என்றார் விற்க வந்தவர். யாரும் கேட்காததாலேயே அந்தத் தப்பு எழுபது வருடம் ஓடியிருக்கிறது. அதில் நான் ஒரு கண்ணியாக விரும்பவில்லை. இன்னொரு நிலம் கோயில் இனாம். மற்றொன்றில், 1980-களில் நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவின்போது அண்ணன் பேரில் பட்டா ஏறிவிட்டது. தம்பி பிள்ளைகளோ பாகப்பத்திரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிட்டாவும் அடங்கலும் வில்லங்கச் சான்றும் மட்டும் பார்த்தால் இவையெல்லாம் தெரியாது. மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் படிக்க வேண்டும். படித்தபின் ஊருக்குள் போய் டீக்கடையில் உட்கார வேண்டும்.

இப்படிக் காரணங்களைச் சேர்த்துக்கொண்டே போனபோது அவை இரண்டு வகையாகப் பிரிவதைப் பார்த்தேன். நிலத்தடியில் இறங்கிய ரசாயனத்தை நான் எவ்வளவு பணம் செலவழித்தாலும் எடுக்க முடியாது. ஆற்றின் வழியையும் கடலின் உப்பையும் மாற்ற முடியாது. சுரங்கத்தின் எல்லைக்கோடு என் கையில் இல்லை. அடுத்தவர் உரிமையைப் பணம் கொடுத்து அழிக்கக் கூடாது. ஆனால் வழி இல்லாத குறை மனிதர்கள் வரப்பு போட்டதால் வந்தது. மனிதர்கள் உட்கார்ந்து பேசினால் தீரக்கூடியது. அதன்பிறகு நான் புரோக்கர்களிடம், "வழி இல்லைங்கிற ஒரே காரணத்தால விலை போகாம இருக்கிற நிலம் இருந்தா காட்டுங்க" என்று கேட்கத் தொடங்கினேன். அவர்கள் வியப்பாகப் பார்த்தார்கள்.

கடலூருக்குத் தென்மேற்கே கேப்பர் மலை என்ற செம்மண் மேடு. ராமாபுரம், வழிசோதனைப்பாளையம் பக்கமெல்லாம் முந்திரியும் வாழையும். அந்த மேட்டின் சரிவில் ஒரு காணிக்குச் சற்றுக் கூடுதலான நிலம் பல வருடமாக விற்காமல் கிடந்தது. முன்னால் ஒரு பெரியவரின் வாழைத்தோட்டம். அதைத் தாண்டினால் ஊராட்சிச் சாலை. பின் நிலத்துக்கு வரப்பில் நடந்துதான் போக வேண்டும். விற்பவர் திருப்பூரில் இருந்தார். தானே புயலில் அவருடைய முந்திரி மரங்கள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரங்களை விறகுக்கு விற்கலாம் என்றால் லாரி உள்ளே வர வழியில்லை. வெட்டித் தலையில் சுமந்து வெளியே கொண்டுவர ஆன கூலி விறகு விலையைத் தின்றுவிட்டது. அதற்கும் முன்பு ஒரு மழை ராத்திரியில் அவருடைய அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து வரப்பு வழியாகச் சாலைக்குத் தூக்கிப் போனார்களாம். "அந்த வரப்புல கால் வைக்கவே மனசு வரல சார்" என்றார். சாலையோர நிலத்துக்குச் சொன்ன விலையில் பாதிக்கும் நன்றாகக் குறைத்தே அவர் கேட்டார்.

மண்ணைப் பார்த்தோம். பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். காற்றைச் சோதிக்க மட்டும் ஆய்வகத்துக்குப் போகவில்லை; ஐப்பசியில் வாடைக்காற்று வீசும்போதும், பங்குனியில் கடற்காற்று உள்ளே ஏறும்போதும் இரவில் அங்கே போய் நின்றோம். ஷிப்டில் வாழ்ந்த மூக்கு பொய் சொல்லாது. அங்கே மண் வாசனையும் முந்திரிப் பூ வாசனையும்தான்.

சர்வேயரை வைத்துப் புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். கிராம வரைபடத்தில் வண்டிப்பாதைக்குத் தனி சர்வே எண் இருந்தால் அது அரசுப் புறம்போக்கு; யாரும் மறிக்க முடியாது. இங்கே அப்படி எதுவும் இல்லை. விற்பவரின் பத்திரத்தில் "மாமூல் வழிநடைப் பாத்தியம்" என்று ஒரு சொல் இருந்தது, அகலமும் இல்லை, திசையும் இல்லை. கடலூரில் ஒரு வக்கீலிடம் போனேன். 1882-ம் வருட ஈஸ்மென்ட் சட்டத்தைப் பிரித்துவைத்து விளக்கினார். இருபது வருடம் தடையில்லாமல் வெளிப்படையாக நடந்த வழிக்கு உரிமை கேட்கலாம். ஒரே குடும்பத்து நிலம் பாகப்பிரிவினையில் முன்னும் பின்னுமாகப் பிரிந்து, பின் நிலத்துக்கு வேறு வழியே இல்லையென்றால் அவசியத்தின் பேரிலும் கேட்கலாம். இரண்டு தலைமுறைக்கு முன் இந்த இரண்டு நிலமும் ஒரே குடும்பத்துடையது என்பதால் வழக்கு நிற்கும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜெயிச்சாலும் அவசியத்துக்கு வேண்டிய அளவுதான் கிடைக்கும், லாரி போகிற அகலம் கிடைக்குமான்னு சொல்ல முடியாது. அதோட, கோர்ட்ல வாங்கின பாதையில தினமும் நடக்கப் போறது நீங்க. அதையும் யோசிச்சுக்குங்க" என்றார்.

நான் வழக்கை ஒதுக்கிவிட்டு வாழைத்தோட்டத்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். மனைவியும் வந்தாள். முதல் நாள் பாதையைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த ஊர், யார் பிள்ளை, எங்கே வேலை என்று அவர் கேட்டார். சிப்காட் என்றதும், "என் தம்பியும் அங்கதான் இருந்தான்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அடுத்தடுத்துப் போனபோதுதான் அவர் மனதில் இருந்தது வெளியே வந்தது. பாதைக்குப் போகும் மண்ணைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. "நீ பாதை வாங்குவ. நாளைக்கு ஒருத்தன் வந்து உன் நிலத்தை மனை போட்டு விப்பான். என் வாழைக்கு நடுவுல ஊரே போகும். ராத்திரி தண்ணி பாய்ச்ச வந்தா எவன் எவனோ வண்டியை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பான். என் வீட்டுப் பொம்பளைங்க கொல்லைக்கு எப்படி வருவாங்க தம்பி?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் தேடிக்கொண்டிருந்த ஒதுக்கம் அவருக்கும் வேண்டியதாக இருந்தது. என் வாசலுக்கு வழி என்பது அவர் தோட்டத்தில் அந்நியர் நடமாட்டம். நிலம் தேடுகிற நாம் நமக்கு ஒதுக்கம், நமக்கு வழி என்று நம் பக்கக் கணக்கை மட்டும் போடுகிறோம். வழியைக் கொடுக்கிறவனுடைய ஒதுக்கம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. பாதைத் தகராறுகள் வெட்டுக்குத்து வரை போவதற்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன்.

அவர் பயமும் காரணமில்லாதது அல்ல. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. அதற்குப் பிறகு முறையான மனைப்பிரிவுக்கு அகலமான சாலை வேண்டும் என்று ரியல் எஸ்டேட்காரர்கள் ஊர்ஊராக முன் நிலங்களை வளைத்துக்கொண்டிருந்தார்கள். அதையே வைத்து ஒரு யோசனை சொன்னேன். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வாங்க இருபது அடிக்கு மேல் சாலை காட்ட வேண்டும். டிராக்டருக்கும் செங்கல் லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் 12 அடி தாராளம். "12 அடியோட நிறுத்திக்கலாங்க. அதுக்கு மேல ஒரு அடியும் உங்க குடும்பம் யாருக்கும் கொடுக்காம இருந்தா, எனக்குப் பின்னால எவன் வந்தாலும் அங்க நகர் போட முடியாது. உங்களுக்கும் ஒதுக்கம், எனக்கும் ஒதுக்கம்" என்றேன். அவர் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். பெரிய மகன் தரையில் குச்சியால் கோடு போட்டு அளந்து பார்த்தான். எங்களுக்குள் ஒப்பந்தம் பிறந்தது அந்த இடத்தில்தான்.

தென் வரப்பை ஒட்டி 330 அடி நீளம், 12 அடி அகலம். ஒன்பது சென்ட் வந்தது. சாலையில் திரும்பும் முக்கில் மட்டும் லாரி வளைய இடம் விட்டோம். சம்மதக் கடிதம் எழுதிக்கொள்ளலாம், செலவு மிச்சம் என்று சிலர் சொன்னார்கள். கடிதம் எழுதியவரோடு போய்விடும். வக்கீல் சொன்னபடி கிரயமாகவே எழுதி, உட்பிரிவு செய்து, பாதைக்குத் தனிப் பட்டா வாங்கினோம். அந்தப் பாதையில் பெரியவர் குடும்பம் என்றைக்கும் நடக்கவும் டிராக்டர் ஓட்டவும் உரிமை உண்டு, அதன் அடியில் அவர்கள் தண்ணீர்க் குழாய் போகும் என்றும் அதே பத்திரத்தில் எழுதினோம். பாதை மண்ணுக்குச் சாலையோர விலையைக் கொடுத்தேன், அது நியாயம். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்த அரசு, பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து நான்கு விழுக்காடாக்கியிருந்தது. முத்திரைத் தீர்வை ஏழும் சேர்த்துப் பதினொன்று. பாதைக்கும் நிலத்துக்கும் தனித்தனியாகக் கட்டினோம். எல்லாவற்றையும் கூட்டியும் சாலையோரத்தில் ஒரு காணிக்கு ஆகியிருக்கும் தொகையில் பாதியைத் தொடவில்லை. முதலில் பாதையைப் பதிந்தோம், பிறகுதான் நிலத்தை. இந்த வரிசையை மாற்றியிருந்தால் பேரம் பேசும் பலமே நமக்கு இருந்திருக்காது என்று வக்கீல் சொன்னார்.

கப்பி மண் அடித்துப் பாதையை உயர்த்தினோம். நடுவில் தண்ணீர் வடியச் சிமெண்ட் குழாய் வைத்தோம். முதல் செங்கல் லோடு வந்த அன்று பெரியவர் பாதை முக்கில் நின்று டிரைவருக்குக் கை காட்டினார்.

ஒதுக்கத்துக்கு மதில் எழுப்பவில்லை. கிளுவையும் நொச்சியும் ஆடாதொடையும் நட்டு உயிர்வேலி போட்டோம், இடையிடையே பூவரசு. இரண்டு மழைக்குள் ஆள் உயரம் வந்தது. மதில் எழுப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊர் யோசிக்கத் தொடங்கும். ராத்திரி மோட்டார் வயரை அறுக்க வருபவனும் மதிலுக்குப் பின்னால் நிம்மதியாக அறுப்பான். உயிர்வேலிக்குள் இருப்பவர் முகம் சாலையில் போகிறவனுக்குத் தெரியாது. ஆபத்து என்று கூப்பிட்டால் குரல் வாழைத்தோட்டம் வரை கேட்கும். என் மனைவி கேட்டது இதைத்தான்.

வடக்கு ஓரத்தில் ஒரு ஒற்றையடித் தடம் இருந்தது. காலனிக்காரர்கள் ஆடி மாதத்தில் மேட்டுக்கு மேலே இருக்கும் வீரன் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு அதில்தான் போவார்கள். "வேலி போட்டுட்டா தானா நின்னுடும், விடுங்க" என்று சிலர் புத்தி சொன்னார்கள். எத்தனை தலைமுறை நடந்த கால்கள் அவை. வேலியை ஆறடி உள்ளே தள்ளிப் போட்டு, அந்தத் தடத்தை சர்வேயரின் வரைபடத்திலும் குறிக்கச் சொன்னோம். வருடத்தில் சில நாள் மேளச் சத்தத்தோடு ஊரே எங்கள் வேலியோரம் போகும். மகள் அந்தக் கூட்டத்தோடு மேட்டுக்கு ஏறிப் போய்விடுவாள். அவளுக்கு இப்போது அந்த ஏற்றம் ஒரு பொருட்டே இல்லை.

எங்களுக்குப் பின்னால் இன்னொரு நிலம் இருக்கிறது. அதற்கும் வழி இல்லை. அதன் சொந்தக்காரர் விதவை. இரண்டு பையன்கள் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. அவர்கள் நடமாட்டமும் வாழைத்தோட்டத்து ஓரமாகத்தான் இருக்கும் என்பதால், அவர்கள் வந்து கேட்பதற்கு முன்பே பெரியவரின் மகனிடம் பேசினோம். அவர் சம்மதித்ததும், எங்கள் கிழக்கு ஓரத்தில் அதே 12 அடியைப் பின் நிலத்துக்காரர்களுக்குத் தொடர்ந்து கொடுத்து, வழி உரிமையை விலையில்லாமல் பதிவுப் பத்திரமாக எழுதினோம். உறவுக்காரர்கள் இதை ஏமாளித்தனம் என்றார்கள். வழி இல்லாததால் ஒரு குடும்பத்தின் நிலம் விலை இறங்கியது. அந்த இறக்கத்தால்தான் ஒரு ஃபிட்டரால் காணி வாங்க முடிந்தது. அதே இறக்கம் பின் வீட்டுக்கும் தொடர என் வேலி காரணமாக இருந்தால், நான் வாங்கியது நிலமாக இருக்காது, அடுத்தவர் கஷ்டமாக இருக்கும்.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பையன்கள் இப்போது என்னிடம் வந்து நிலம் பார்த்துச் சொல்லச் சொல்கிறார்கள். விலை ஏன் குறைவு என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். காரணம் தண்ணீரில் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள், வேறொருவர் உரிமையில் இருந்தால் தொடாதீர்கள், வழியில் இருந்தால் முன் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போய் அவருக்கு என்ன பயம் என்று கேளுங்கள் என்கிறேன். அந்தப் பயத்துக்குப் பத்திரத்தில் இடம் கொடுத்தால் உங்களுக்கு வழியும் கிடைக்கும், ஒதுக்கமும் கிடைக்கும்.